மரகதத்தின் ஒட்டு முகம்

ஒரு ஊரில் ஒரு படம் இருந்ததாம், படத்துக்குள் ஒரு பெண் இருந்தாளாம், அவள் முகத்தின் மேல் யாரோ இன்னொரு முகத்தை ஒட்டிவிட்டுப் போனார்களாம் என்று ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் ம் கொட்ட வேண்டும், எங்கள் வீட்டில் ம் கொட்டாத பிள்ளைக்குக் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும், இங்கே ஏசியைத் தவிர ம் கொட்ட யாருமில்லை. நான் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எதிரில் நாற்காலியில் சீனியம்மா. நடுவில் மேசை, மேசைமேல் அந்தப் பக்கம். நாளைக்கு ஏலம், இன்றைக்குப் பார்வை நாள், நுங்கம்பாக்கத்து ஓட்டலின் மாடி ஹாலில் பழைய சித்திரக்கதைகளின் அசல் பக்கங்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள், ஓவியர்கள் கையால் மை தொட்டு வரைந்தவை, அச்சகத்துக்குப் போய்த் திரும்பி வந்தவை, திரும்பாமல் எங்கெங்கோ கிடந்து இப்போது வந்தவை. யாராவது ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும் என்று கேட்டால் நான் உறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கவேண்டும், பார்க்கிறவர்கள் தொடாமல் பார்க்கவேண்டும், அதுதான் என் வேலை, கூரையிலிருந்து கேமராவின் கறுப்புக் குமிழ் ஒன்று என் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சீனியம்மா தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, கோயிலில் திரை விலகுவதற்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். ஆனால் இது விலகுகிற திரை இல்லை, பசை போட்டு ஒட்டியது.

படத்தில் குதிரைக்காரி மரகதம் வெள்ளத்தைக் கடக்கிறாள். பக்கத்தில் பாதியை அந்த ஒரு கட்டமே எடுத்துக்கொண்டுவிட்டது. குதிரையின் கழுத்து நரம்பு, நனைந்து முறுக்கிய கடிவாளம், அவள் தோளில் ஒட்டிக்கிடக்கிற சட்டை, ஒவ்வொரு மழைக்கோடும் இரும்பு நிப்பால் இழுத்தது, அதெல்லாம் ஓவியர் தனுஷ்கோடி, சீனியம்மாவின் அப்பா. திரும்பிப் பார்க்கிற அந்த முகம் மட்டும் வேறு. கழுத்துவரை மழையில் நனைந்தவள் முகத்துக்கு மட்டும் இப்போதுதான் பவுடர் போட்டு வந்தவள்போல் காய்ந்திருக்கிறாள், இமை கனமாக, உதடு சினிமாச் சுவரொட்டியில் இருப்பதுபோல. அது ராயர் என்று இன்னொரு ஓவியர் போட்டது. சிவகாசியில் கொடிமின்னல் என்று ஒரு மாதப் புத்தகம் வந்துகொண்டிருந்த காலத்தில், கதாநாயகி முகம் களையாக இல்லையென்று ஆசிரியருக்குத் தோன்றினால் பக்கத்தை மறுபடி வரையச் சொல்ல மாட்டார்கள், நேரம் ஏது, ராயரிடம் கொடுப்பார்கள், ராயர் மெல்லிய தாளில் முகத்தை மட்டும் தனியாக வரைந்து வெட்டி மைதாப் பசையால் மேலே ஒட்டிவிடுவார். அச்சில் ஒட்டு தெரியாது. அசலில் தெரியும். இந்தப் பக்கத்தை விலைப்பட்டியலுக்குப் படம் பிடித்தவன் நான்தான், பக்கவாட்டில் விளக்கை வைத்தபோது அந்த ஒட்டின் விளிம்பு ஒரு சின்ன வரப்புபோல நிழல் போட்டது, வலது காதுப் பக்கம் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது, வெட்ட மறந்த நகம்போல. நான் அதை ஏலம் நடத்துகிற பிரமிளா மேடத்திடம் சொன்னேன், அவர் சந்தோஷப்பட்டார். ராயர் கைபட்ட ஒட்டு என்றால் இன்றைக்குத் தனி மதிப்பாம். பட்டியலில் அப்படியே போட்டார்கள், முகம் ராயர், மற்றவை தனுஷ்கோடி. மற்றவை. ஒரு பெண்ணின் உடம்பும் ஒரு குதிரையும் ஒரு ஆறும் ஒரு மழையும் மற்றவை.

அந்த ஒரு வரியைத்தான் அம்பத்தூரில் சீனியம்மாவின் மருமகன் கைபேசியில் பார்த்துவிட்டு வாசித்துக் காட்டியிருக்கிறார், அந்த அம்மா இன்றைக்கு மதியம் இரண்டு பஸ் மாறி வந்துவிட்டார், வந்ததும் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். "கனகு அடியில இருக்காளாய்யா?" எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவரே நிதானமாகச் சொன்னார், யாரிடமோ பேருந்துக்கு வழி சொல்வதுபோல. கனகவல்லி அவருடைய அக்கா. பதினைந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது சீனியம்மாவுக்கு ஐந்தோ ஆறோ. சாத்தூர்ப் பக்கம் அவர்கள் வீட்டு வழக்கப்படி, கல்யாணமாகாமல் போன பெண் வீட்டுக்குக் கன்னி தெய்வம், ஓலைப்பெட்டியில் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ஒரு சீப்பு, வருஷத்துக்கு ஒருமுறை பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைத்துக் கும்பிடவேண்டும். போட்டோ என்று ஒன்று எடுத்ததேயில்லை. அக்கா போன மாதம் அப்பா இந்தக் கதையைத்தான் வரைந்துகொண்டிருந்தாராம், மரகதத்துக்குக் கனகின் முகத்தைப் போட்டிருக்கிறார், அம்மா பார்த்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாளாம், சீனியம்மாவுக்கு அது மட்டும் ஞாபகம், அம்மாவின் முதுகு. பக்கமெல்லாம் அச்சகத்துக்குப் போயிற்று. அங்கே இருந்தவர்கள் முகம் அழுமூஞ்சியாக இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்று ராயரிடம் கொடுத்துவிட்டார்கள். கதை முழுக்க ஒட்டு. மற்ற பக்கங்கள் பழைய தாள் மூட்டையோடு போயின, மிஞ்சியது இது ஒன்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். அதற்குப் பிறகு காலண்டருக்குச் சாமி படம் போட்டாராம், லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் ஒருநாளும் அவள் சாடை வராமல் பார்த்துக்கொண்டாராம், செத்த பிள்ளையை விற்கக் கூடாது என்று. இப்போது பேத்திகள் கேட்கிறார்களாம், அம்மாச்சி, கண்ணை மூடிக் கும்பிடச் சொல்கிறாயே, எந்த முகத்தை நினைத்துக் கும்பிடுவது என்று. "அவளப் பாத்த ஆளு எங்க வீட்டுல நான் ஒருத்திதான் மிச்சம்" என்றார். இருக்கிறாள் அம்மா, அடியில்தான் இருக்கிறாள் என்று நான் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு எப்படித் தெரியும், ஒட்டுக்கு அடியில் இருப்பதை நான் எங்கே பார்த்தேன், அடியில் வெள்ளை அடித்துவிட்டு அதன் மேல்கூட ஒட்டியிருக்கலாம், சுரண்டிவிட்டு ஒட்டியிருக்கலாம், ஆனால் அந்த அம்மா கேட்ட விதத்தில் இல்லை என்ற சொல் வாயில் உருவாகவில்லை.

தூக்கியிருக்கிற அந்த மூலை. கையுறை இல்லாமல் இருந்தால் நகத்தை நுழைக்கலாம், நுழைத்தால் என்ன ஆகும், ஒரு மெல்லிய சத்தம் வரும், காய்ந்த வெங்காயத் தோல் பிரிகிற சத்தம், பிறகு கறுப்புக் குமிழ் பார்க்கும், பிறகு எனக்கு நாளைக்கு இங்கே வேலை இருக்காது, அதுகூடப் பரவாயில்லை, பிரிக்கிறபோது கிழிந்தால், கிழிந்தது எந்த முகம் என்று யாருக்குத் தெரியும். நான் ஒரு அசலையும் வைத்திருந்தவன் இல்லை. யாரோ ஸ்கேன் செய்து போட்டதைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்து வளர்ந்தவன், அசல் என்று ஒன்று உண்டு என்பதே எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது, அச்சில் வராத நீலப் பென்சில் கோடும், ஓரத்தில் நிப்பைத் துடைத்த கறையும், டீ டம்ளர் வைத்த வட்டமும் அதில் இருக்கும் என்று. ஒரு காலத்தில் கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தார்களாம். அச்சகத்து வாசலில் போய் நின்று அண்ணாச்சி ஒரு பக்கம் என்றால் போதும், எடுத்துக்கிடு, அடுப்பெரிக்கத்தான் போகுது என்று நீட்டுவார்களாம். பிறகு தபாலில் மாற்றிக்கொண்டார்கள், என்னிடம் இரண்டு குதிரை இருக்கிறது, உன்னிடம் முகமூடிக்காரன் இருந்தால் அனுப்பு என்று. பிறகு சுவரில் குண்டூசி குத்தி மாட்டினார்கள், பிறகு பூச்சி அரிக்கக் கூடாது என்று ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டார்கள், ஆசையில் செய்தது, இன்றைக்கு லேமினேஷன் போட்ட பக்கத்தை மேடம் திறந்துகூடப் பார்க்க மாட்டார், பொசுக்கிய பிணம் என்பார். இப்போது வாங்குகிறவர்கள் வேறு மாதிரி லேமினேஷன் போடுகிறார்கள், கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி, நாலு பக்கமும் சூட்டில் அடைத்து, மேலே தரத்துக்கு ஒரு எண் போட்டு, அப்படியே வங்கி லாக்கரில். அதை யாரும் பிரிக்க மாட்டார்கள், பிரித்தால் எண் போய்விடும். நாளை மாலைக்குப் பிறகு மரகதமும் அப்படித்தான், அவளுக்கு அடியில் இருக்கிறவளும். முதலில் பசைக்குள், பிறகு பிளாஸ்டிக்குக்குள், பிறகு இரும்புக்குள். ராட்சசன் உயிரை ஏழு கடலுக்கு அப்பால் வண்டுக்குள் வைத்த கதையில் கடைசியில் எவனாவது ஒருவன் கிளம்பிப் போவான், எனக்குச் சின்ன வயதில் அவன் நான்தான் என்று ஒரு நினைப்பு இருந்தது, இப்போது நான் கையுறை போட்டுக்கொண்டு வண்டுக்குக் காவல் நிற்கிறேன்.

குஞ்சிதபாதம் சார் வந்தார். ஒவ்வொரு பார்வை நாளுக்கும் வருவார், ஒன்றும் வாங்க மாட்டார், வாங்குகிற காலம் அவருக்கு முடிந்துவிட்டது, தபாலில் மாற்றிக்கொண்டவர்களில் மிச்சமிருப்பவர், தான் லேமினேஷன் போட்டுக் கொன்ற பக்கங்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வார், சிரிப்பு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மரகதத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, இவளை எனக்குத் தெரியும், நாற்பது வருஷம் முன்னால் இவளைத் தருகிறேன், உன் சைக்கிள் செயினைக் கொடு என்று கேட்டான் ஒருவன், நான் கொடுக்கவில்லை, செயினாவது சைக்கிளை ஓட்டும் என்றார். சீனியம்மாவை யாரென்று கேட்டார். தனுஷ்கோடி மகள் என்றதும் கும்பிட்டார், அந்த அம்மாவும் எழுந்து கும்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும் மூலையைக் கிட்டத்தில் பார்த்தார், நாங்கள் அந்தக் காலத்தில் ஒட்டு என்றால் விட மாட்டோம் அம்மா, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் தூக்கம் வரும், இட்லிச் சட்டி ஆவியில் காட்டினால் மைதாப் பசை இளகிவிடும், எத்தனையோ உரித்திருக்கிறோம், என் சம்சாரம் இட்லியில் மை வாசம் அடிக்கிறது என்று சண்டைக்கு வருவாள் என்றார். சீனியம்மாவின் முகம் அப்படியே திறந்தது. நான் அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். "அப்ப எடுத்துரலாமாய்யா?" என்றார் அந்த அம்மா. குஞ்சிதபாதம் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "எடுத்துடலாம்மா. ஆனா சில சமயம் அடி மையும் சேந்து வந்துடும். பாதி முகம் இங்க நிக்கும், பாதி முகம் ஒட்டோட முதுகுல போயிடும். நான் உரிச்சதுல முழுசா வந்தது கம்மி." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், தம்பி, இதை மேடத்திடம் சொல்லிப் பார் என்று மெதுவாகச் சொன்னார், அவர் சொல்லியிருக்கலாம், அவர் சொன்னால் கேட்கிறவர்களாவது இருப்பார்கள், ஆனால் அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்து, பிறகு அதற்கடுத்த வரிசைக்கு நகர்ந்து, படிப்பக்கம் போய்விட்டார்.

நான் சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்காத குரல், பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா சொல்லி வராதவனாகக் குறிக்கப்பட்டவன் நான். பிரமிளா மேடம் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். அந்த அம்மாவுக்கு டீ சொன்னார், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார், கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. பக்கம் எங்களுடையது இல்லைம்மா, விற்கக் கொடுத்தவருடையது, நாளைக்கு வாங்குகிறவருடையது, நடுவில் நாங்கள் வெறும் கை என்றார். நான் என் கையுறையைப் பார்த்தேன். அப்படியானால் வாங்குகிறவரிடம் கேட்கிறேன் என்றார் சீனியம்மா. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து போனில் எடுப்பார்கள், பெயரைச் சொல்லக் கூடாது, மன்னிக்கணும் என்றார் மேடம். ஒரு காரியம் செய்கிறேன் என்று உள்ளே போய், பக்கத்தை நல்ல தாளில் கலரில் பெரிதாகப் பிரின்ட் எடுத்துச் சுருட்டாமல் கொண்டுவந்து கொடுத்தார். சீனியம்மா அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார், பவுடர் போட்ட முகம், கனத்த இமை, சினிமா உதடு, ரொம்ப நல்லா இருக்கும்மா என்று மரியாதைக்குச் சொன்னார், பிறகு மேசையிலேயே வைத்துவிட்டார். "இந்தப் பிள்ளைய வச்சு நான் என்னம்மா செய்ய?" மேடத்துக்குப் போன் வந்தது. நேரம் முடியப்போகிறது, பக்கத்தை உறையில் போட்டுவிடு என்று எனக்குக் கையால் காட்டிக்கொண்டே லிப்ட் பக்கம் பேசப் போனார். ஹாலில் வேறு யாரும் இல்லை. ஒவ்வொரு வரிசையாக விளக்கை அணைத்துக்கொண்டே வந்த காவலாளியும் எங்கள் மேசை விளக்கை மட்டும் விட்டுவிட்டு வெளியே போனார்.

உறையில் போடவேண்டும். எடுக்கிறேன். எடுக்கிறபோது தாளின் கனம் கையுறை வழியாகத் தெரிகிறது, கெட்டிச் சார்ட் தாள், ஆனால் பழசு, பழசாகப் பழசாகத் தாள் எண்ணெய் குடித்ததுபோல ஆகும் என்று எங்கோ படித்தது, மேசை விளக்கு அதன் பின்னால் இருக்கிறது, விளிம்பு பழுப்பாக ஒளிர்கிறது, மழைக்கோடுகள் பின்பக்கத்திலிருந்தும் தெரிகின்றன. ஆவி வேண்டாம், நகம் வேண்டாம், பிரிக்கவே வேண்டாம். உறைக்கு வெளியே பக்கத்தைக் கிடையாக மட்டும் வைத்துப் பிடிக்கவேண்டும் என்பது விதி, நிமிர்த்தினால் ஒட்டு தன் கனத்தில் இளகி விழலாம், விழுந்தால், விழட்டும், விழுந்தால் நான் செய்யவில்லை, பசை செய்தது, பசை விழவிடவில்லையே இத்தனை வருஷமாக. கறுப்புக் குமிழ். இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினேன், விளக்குக்கு நேரே, அந்த அம்மாவின் கண் மட்டத்துக்கு. அம்மா, இப்போது பாருங்கள் என்று சொன்னேனா, சொன்னதாக நினைத்தேனா. அந்த அம்மா எழுந்தார். கிட்டத்தில் வந்தார். மூச்சு தாளில் படக் கூடாது என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மெல்லிய ஒட்டுத் தாளுக்குள் வெளிச்சம் வந்தது. இருந்தாள். பொய் சொல்லவில்லை நான், இருந்தாள், பசைக்கறையின் பழுப்புக்குள் நிப்புக் கோடுகள், ஒரு கன்னம், காதோரம் பறக்கிற மயிர், ராயரின் தூரிகைக் கோட்டோடு பின்னிக்கொண்டு, ஒரு மூக்கு இன்னொரு மூக்கைத் தாண்டிப் போனது, இரண்டு வாய், நாலு கண். பார்த்தேன், பார்த்தேன், எந்தக் கோடு எங்கே முடிந்து எது தொடங்குகிறது. தாடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் கண்ணுக்குப் போகிறபோது வழி இரண்டாகப் பிரிகிறது. ராயர் போட்ட கண்கள் எனக்கு மனப்பாடம், எத்தனை நாள் பார்த்தது, அவற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் இரண்டும் அவளுடையவை, கொஞ்சம் கீழே, கொஞ்சம் சின்னது, இமை கனக்காதது. சொல்லலாமா. ஒரு கையை எடுத்துக் காட்டினால் பக்கம் ஆடும். ஆடாமல் பிடித்தும் வெளிச்சத்தில் நாலு கண்ணும் அசைகின்றன, அழப்போகிற மாதிரி.

சீனியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார், திருவிழாக் கூட்டத்தில் தெரிந்தவரைத் தேடுகிற மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. "கீழ இருக்கிற ரெண்டு கண்ணும்மா" என்றேன், "சின்னதா இருக்கே, அதான் உங்க அக்கா." அந்த அம்மாவின் பார்வை அங்கே போயிற்று. நின்றது. மூக்கு இருந்த இடத்துக்கு இறங்கியது, மறுபடி ஏறியது. ஏதாவது ஒன்று நடக்கும் என்று நான் நினைத்தேன், ஒரு கேவல், ஒரு பெயர், நடுவிலிருந்த வருஷமெல்லாம் ஒரு நொடியில் விலகிப்போகும் என்று, கதையில் அப்படித்தான் நடக்கும், தொலைந்தவள் கண்ணைக் காட்டினால் தங்கை கண்டுபிடித்துவிடுவாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். குரல் சாதாரணமாக இருந்தது.

"நீ சொல்லித்தான்யா தெரியுது. எனக்காத் தெரியலையே."

நான் பக்கத்தை இறக்கவில்லை. இறக்கினால் அது உறுதியாகிவிடும்போல இருந்தது, இன்னும் கொஞ்சம் பாருங்கள் அம்மா என்றேன், இந்தப் பக்கம் சாய்க்கிறேன், வெளிச்சத்தைக் கிட்டத்தில் கொண்டுவருகிறேன் என்றேன், சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். சீனியம்மா தலையை அசைத்தார், வேண்டாம் என்றும் இல்லை, போதும் என்றும் இல்லை. ஐந்தோ ஆறோ வயதில் பார்த்தது. நான் என் ஆறு வயதில் பார்த்த முகம் ஒன்றையாவது நினைத்துப் பார்க்க முயன்றேன், பிறகு பார்த்த முகங்களெல்லாம் வந்து அதன் மேல் படிகின்றன. அந்த அம்மா நாற்காலிக்கு அடியிலிருந்து மஞ்சள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார், மேசையில் கிடந்த பிரின்ட்டை எடுக்கவில்லை, டீ டம்ளரை மட்டும் கீழே விழாதபடி மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்தார். "வாரேன்யா, கை வலிக்கப்போகுது, இறக்கி வையி." அம்பத்தூர்ப் பேருந்து எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டார், வாசலில் இறங்கி இடது கைப் பக்கம் என்றேன். அணைந்த வரிசைகளுக்கு நடுவே, இருபுறமும் மாட்டியிருந்த எதையும் திரும்பிப் பார்க்காமல், மெல்ல நடந்து, கதவைத் தள்ளத் தெரியாமல் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பிறகு தள்ளிக்கொண்டு போனார்.